கணக்குக் கேட்ட கணக்காசிரியர்

வேங்கட மலை தமிழகத்தின் வடவெல்லை என்று நம் பழைய நூல்கள் கூறும். அம்மலைக்குத் தெற்கே, சித்தூரில் வளர்ந்தவன் நான். என் தந்தையார் பிழைப்பை நாடி வேலூர்ப் பக்கத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர். பழைய எல்லைக்கு உள்ளேயும் புதிய எல்லைக்கு வெளியேயும் வாழ்கின்ற தமிழ்க் குடும்பங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. இப்போது திருப்பதியில் வேதியியல் எம்.எஸ்ஸி. படிக்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து இங்கு வருவோர் மலையேறி வேங்கடவனைத் தொழுகின்றனர். இறங்கி வந்து திருச்சானூரில் தாயாரைத் தொழுகின்றனர். அதே திருச்சானூரில் பிறந்து, இந்நாட்டின் வரவு செலவுக் கணக்கை மக்கள் சார்பில் கேட்டு நின்ற ஒருவரை அவர்களுள் பலர் அறியார். அவர்தாம் மாடபூசி அனந்தசயனம் அய்யங்கார்.

அவருடைய வாழ்க்கையை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாகவே இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன், வேறோர் இடத்தில் நான் பயின்றபோது, மாணவர் விழா ஒன்றின் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பணத்தைச் செலவிட்டவன் என் அறைத்தோழன். என் தாயார் நோயுற்றபோது இரவோடிரவாக என்னுடன் ஊர்வரை வந்தவன். ரசீதுகள் சில இல்லை. கேட்டால் அவனை ஐயுற்றதாகும் என்று எண்ணினேன். கேளாமலே கையெழுத்திட்டேன். பின்னர் மற்ற மாணவர்கள் கேட்டபோது அவனாலும் விடை கூற முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. அவன் பணத்தை எடுத்தானா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்க வேண்டிய நாளில் நான் கேட்டிருந்தால், தவறு இருப்பின் வெளிப்பட்டிருக்கும். தவறு இல்லையேல் அவன் பெயர் காக்கப்பட்டிருக்கும். இரண்டும் இல்லாமற் போயிற்று. நம்மவரிடம் கணக்குக் கேட்பது எப்படி என்னும் இந்தக் கேள்வியோடுதான் அனந்தசயனம் அய்யங்காரின் வாழ்க்கையை அணுகினேன்.

பிறப்பும் கல்வியும்

அவர் பிறந்தது 1891ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4ஆம் நாள். அக்காலத்தில் திருப்பதியும் திருச்சானூரும் சென்னை மாகாணத்து வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தன. சித்தூரே அம்மாவட்டத்தின் தலைநகர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. 2022இல் திருப்பதியும் தனி மாவட்டமாகப் பிரிந்தது. நிலப்படத்தின் கோடுகள் இத்தனை முறை மாறியும், ஒரே கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை. அத்தகைய மண்ணில் பிறந்தவர் அவர்.

திருப்பதியில் தேவஸ்தான உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். பின்னர்ச் சென்னை சென்று பச்சையப்பன் கல்லூரியில் பி.ஏ. பட்டமும், சட்டக் கல்லூரியில் சட்டப் பட்டமும் பெற்றார். ஆனால் அவர் முதலில் ஏற்ற தொழில் வழக்கறிஞர் தொழில் அன்று. 1912இல் கணித ஆசிரியராகத் தம் வாழ்வைத் தொடங்கினார். அறிவியல் மாணவர்களாகிய நமக்கு இச்செய்தி சுவையானது. கணித ஆசிரியரிடம் விடையை மட்டும் எழுதிக் காட்டித் தப்ப முடியாது. எந்த வழியில் அந்த விடை வந்தது என்று வரி வரியாகக் காட்ட வேண்டும். வழி தவறாக இருந்தால், விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் கிடைக்காது. இந்தப் பழக்கம் அவரை விட்டு இறுதிவரை நீங்கவில்லை என்றே அவருடைய பிற்கால வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

1915இல் ஆசிரியர் பணியை விட்டு வழக்கறிஞரானார். சித்தூர்ப் பகுதியில் அவர் பெயர் விரைவில் பரவியது. பழைய தீர்ப்புகளை நினைவிலிருந்தே எடுத்துரைக்கும் ஆற்றலால், நடமாடும் சட்டத் தொகுப்பு என்று அவரைப் பலரும் வியந்தனர். வருவாய் பெருகிய நேரத்தில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது. 1921-22இல் அவர் தம் தொழிலை ஓராண்டு நிறுத்திவைத்தார். குடும்பம் நடத்தும் வழக்கறிஞர் ஒருவர் ஓராண்டு வருவாயைத் துறப்பது எளிய செயல் அன்று.

எம்டன்

1934இல் தில்லி மத்தியச் சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. சித்தூரும், பெல்லாரி, அனந்தபூர், கர்நூல், கடப்பை ஆகிய பழைய மாவட்டங்களும் சேர்ந்த பெருந்தொகுதியிலிருந்து அனந்தசயனம் அய்யங்கார் பெருவெற்றி பெற்றுச் சென்றார். புலாபாய் தேசாய் தலைமையில், நம் சத்தியமூர்த்தி போன்ற நாவன்மை மிக்கோர் அமர்ந்திருந்த காங்கிரஸ் அணி அது.

அந்தச் சபையின் நிலையை இன்றைய மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம். வரவு செலவுத் திட்டத்தைத் தாக்கலாம். வாக்கெடுப்பில் வெல்லவும் வெல்லலாம். ஆனால் சபை மறுத்த தொகையைத் தம் அதிகாரத்தால் திரும்ப வழங்க கவர்னர் ஜெனரலுக்கு உரிமை இருந்தது. படைச் செலவு போன்ற பெருந்தொகைகளின்மேல் சபைக்கு வாக்குரிமையே இல்லை. கணக்குகளை ஆராயும் பொதுக் கணக்குக் குழு 1921 முதலே இருந்தது. ஆயினும் அதன் தலைவர் யார்? அரசாங்கத்தின் நிதி உறுப்பினரே. செலவு செய்தவரே கணக்குப் பார்க்கும் குழுவுக்கும் தலைவர்! இந்த நிலையில் கேள்வி கேட்பதால் என்ன பயன் என்று சோர்ந்து அமர்ந்தவர் பலர் இருந்திருக்கலாம். அனந்தசயனம் அய்யங்கார் சோரவில்லை. விதிகளைக் கற்றார்; புள்ளிகளைத் தொகுத்தார்; நாள்தோறும் எழுந்து கேட்டார்.

அவருடைய கேள்விக் கணைகளைத் தாங்காத ஐரோப்பிய உறுப்பினர் ஒருவர் அவரைச் சபையின் எம்டன் என்று அழைத்தார் என்பர். 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசி எரித்துவிட்டு மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன். அன்று சென்னையே நடுங்கியது. இன்றும் நம் வீடுகளில் யாருக்கும் அஞ்சாத கெட்டிக்காரனை எம்டன் என்றுதானே அழைக்கிறோம்! எம்டன் சென்னைக்கு வந்தபோது அனந்தசயனம் அய்யங்காருக்கு வயது 23. இன்று எனக்குள்ள வயது. இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கப்பலின் பெயர் தம்மேல் ஏறும் என்று அந்த இளம் ஆசிரியர் அன்று எண்ணியிருக்கமாட்டார்.

1940க்கும் 1944க்கும் இடையில், தனிநபர் சத்தியாக்கிரகத்திலும் வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் கலந்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறையில் கழித்தார். அன்னிய ஆட்சியிடம் கணக்குக் கேட்டதற்கு அவர் கொடுத்த விலை அது. இவ்வளவோடு அவர் வாழ்க்கை முடிந்திருந்தால் நாட்டுக்குழைத்த தியாகிகளுள் ஒருவராக அவரைப் போற்றிவிட்டு நாம் அமைந்திருக்கலாம். அவரைப் பற்றி நான் எழுத எண்ணியதற்குக் காரணம் அதன் பிறகு நிகழ்ந்தவையே.

ஆட்சி நம்முடையதான பின்

1947இல் விடுதலை வந்தது. நேற்றுவரை எதிரே இருந்த நாற்காலிகளில் இப்போது சிறையில் உடன் இருந்தவர்கள் அமர்ந்தார்கள். அமைச்சர்கள் அனைவரும் அறிந்தவர்கள், பலர் நண்பர்கள். அன்னியனிடம் கேட்பதற்குத் துணிவு இருந்தால் போதும். நண்பனிடம் கேட்பதற்குத் துணிவோடு வேறொன்றும் வேண்டும். அது என்னவென்று நான் அன்று அறியாததால்தான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திட்டேன்.

அரசியல் நிர்ணய சபையில் அனந்தசயனம் அய்யங்கார் உறுப்பினராக இருந்து உழைத்தார். அச்சபை சட்டமன்றமாகக் கூடியபோது அதன் உப சபாநாயகரானார். 1950 ஜனவரி 26இல் அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் பாராளுமன்றத்தில் இரண்டு மாறுதல்கள் நிகழ்ந்தன. பொதுக் கணக்குக் குழு அமைச்சரின் பிடியிலிருந்து விடுபட்டுச் சபாநாயகரின் மேற்பார்வையில் இயங்கும் குழுவாயிற்று. ஏப்ரல் மாதத்தில் மதிப்பீட்டுக் குழு என்ற புதிய குழு ஒன்று பிறந்தது. 25 உறுப்பினர்களைக் கொண்ட அக்குழுவின் முதல் தலைவராக அமர்ந்தவர் உப சபாநாயகர் அனந்தசயனம் அய்யங்கார்.

இவ்விரு குழுக்களுக்கும் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் வீடு கட்டுகிறார். வீடு முடிந்த பின், கொத்தனாருக்குக் கொடுத்தது எவ்வளவு, மரத்துக்குக் கொடுத்தது எவ்வளவு, சொன்ன தொகைக்கு மேல் போனது ஏன் என்று கேட்பது பொதுக் கணக்குக் குழுவின் வேலை. அதற்குக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை துணை செய்கிறது. இத்தனை அறைகள் தேவையா, இதே வசதியைக் குறைந்த செலவில் பெற முடியாதா, மேற்பார்வைக்கு இத்தனை ஆட்கள் எதற்கு என்று, செலவுத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பது மதிப்பீட்டுக் குழுவின் வேலை. அரசின் கொள்கை எதுவோ அதற்கு உட்பட்டு, சிக்கனம் எங்கே, திறமைக் குறைவு எங்கே, நிருவாகத்தைத் திருத்தும் வழி எது என்று அது ஆராயும். அமைச்சர் எவரும் அதில் உறுப்பினராக முடியாது. ஆண்டுதோறும் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாக் கட்சியினரும் தம் எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் பெறுவர். துறைச் செயலாளர்கள் நேரில் வந்து விடை கூறுவர்.

புதிய அரசாங்கத்துக்கு அன்று பணத் தேவை மிகுதி, பணமோ குறைவு. பிரிவினையின் புண் ஆறவில்லை. உணவுப் பஞ்சம் தீரவில்லை. போர்க்காலத்தில் பெருகிய அலுவலகங்கள் போர் முடிந்தும் சுருங்கவில்லை. இந்நிலையில் குழு முதலில் தொழில், வழங்கல் துறையை எடுத்துக்கொண்டது. அடுத்து மைய அரசின் செயலகத்தையும் துறைகளையும் எவ்வாறு திருத்தியமைப்பது என்று ஆராய்ந்தது. பின்னர் மைய நீர், மின்சக்திக் கழகத்தையும் பெரிய ஆற்றுப் பள்ளத்தாக்குத் திட்டங்களையும் ஆராய்ந்தது.

இந்த மூன்றாவது ஆராய்ச்சியின் அருமையை உணர வேண்டும். பக்ரா, ஹிராகுட், தாமோதர் பள்ளத்தாக்கு ஆகியவை வெறும் அணைகளாக அன்று கருதப்படவில்லை. புதிய இந்தியாவின் கோயில்களாகவே அவற்றைத் தலைவர்கள் போற்றினர். கோயில் திருப்பணியில் கணக்குக் கேட்பவனை ஊர் எப்படிப் பார்க்கும்? பக்தி இல்லாதவன் என்று பார்க்கும். நல்ல காரியத்துக்குத் தடை செய்கிறான் என்று ஏசும். அன்று பல அணைத் திட்டங்களில் முதலில் சொன்ன மதிப்பீடு ஒன்று. வேலை தொடங்கிய பின் வந்த மதிப்பீடு வேறொன்று. மேலும் மேலும் உயர்ந்துகொண்டே போயிற்று. அணை வேண்டாம் என்று குழு சொல்லவில்லை. அணை வேண்டும், ஆதலால்தான் கணக்கும் வேண்டும் என்பதே அதன் நோக்கு. ஒரு கோடி ரூபாய் வீணானால், அந்த ஒரு கோடியால் பாயக்கூடிய நீர் ஏதோ ஓர் உழவனின் வயலுக்குப் போகாது நிற்கும். சித்தூர், ராயலசீமை போன்ற வறண்ட மண்ணைச் சேர்ந்த ஒருவருக்கு அதைப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இக்குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். அது பரிந்துரை செய்யும். அரசு விடை கூறும். ஏற்காதவற்றுக்குக் காரணம் காட்டும். அவ்வளவே. இது போதாது என்று குறை கூறியவர்கள் அன்றும் இருந்தனர்; இன்றும் உள்ளனர். ஆயினும் தம் செலவுத் திட்டத்தை ஒரு நாள் ஒரு மேசைக்கு முன் அமர்ந்து விளக்க வேண்டியிருக்கும் என்று ஓர் அதிகாரிக்குத் தெரிந்திருப்பதும், தெரியாதிருப்பதும் ஒன்றல்ல.

இம்முறை நமக்குப் புதிதும் அன்று. காஞ்சிபுரத்துக்கு அருகில் உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளைக் கூறுகின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் தேர்தலில் நிற்க முடியாது. அவன் நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது என்பது அவற்றுள் ஒன்று. உறவு முறைகளைக்கூட ஒவ்வொன்றாக எண்ணி வெட்டியிருக்கிறார்கள். தம்மவரிடம் கணக்குக் கேட்பது கடினம் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்து, அதற்காகவே கல்லில் எழுதி வைத்தார்கள் போலும்!

சபாநாயகர் நாற்காலியில்

1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் திருப்பதித் தொகுதியிலிருந்து வென்று மீண்டும் உப சபாநாயகரானார். 1956 பிப்ரவரி 27இல் முதற் சபாநாயகர் மவ்லங்கர் மறைந்தார். மார்ச் 8ஆம் நாள் அனந்தசயனம் அய்யங்கார் அந்த இடத்துக்கு வந்தார். 1957இல் சித்தூர்த் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. மே 11ஆம் நாள் சபை மீண்டும் அவரையே சபாநாயகராக்கியது.

அவ்வாண்டு இறுதியில்தான் பெருஞ்சோதனை வந்தது. 1956இல் 245 தனியார் காப்பீட்டு நிறுவனங்களையும் சங்கங்களையும் அரசு தன் கைக்கு மாற்றி, செப்டம்பர் 1ஆம் நாள் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தைத் தோற்றுவித்திருந்தது. ஆசிரியரும் எழுத்தரும் சிறு வணிகரும் மாதந்தோறும் கட்டிய பணம் அதில் குவிந்தது. 1957 ஜூன் மாதம், கல்கத்தாவைச் சேர்ந்த ஹரிதாஸ் முந்த்ரா என்பவருடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளைக் கழகம் ஏறத்தாழ 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. முதலீடுகளுக்கென்றே கழகத்தில் ஒரு குழு இருந்தது. அக்குழுவைக் கலக்காமலே இது நிகழ்ந்தது.

இதனைப் பாராளுமன்றத்தில் டிசம்பர் 16ஆம் நாள் விரித்துரைத்தவர் பெரோஸ் காந்தி. அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர், ஆளுங்கட்சி உறுப்பினர். மேலும் பிரதமர் நேருவின் மருமகன். விடை கூற வேண்டியவர் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி, சென்னைத் தமிழர், ஆற்றல் மிக்கவர், பிரதமரின் நம்பிக்கைக்கு உரியவர். நாற்காலியில் இருந்தவரோ அதே காங்கிரசில் சிறை சென்று வளர்ந்த அனந்தசயனம் அய்யங்கார். கேட்பவரும் நம்மவர், விடை கூறுபவரும் நம்மவர், நடுவில் இருப்பவரும் நம்மவர். உள்ளே பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அந்த விவாதத்தை அடக்கிவிட எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்!

அமைச்சருக்கும் அவருடைய செயலாளருக்கும் இடையே நடந்த அந்தரங்கக் கடிதப் போக்குவரத்தைப் பெரோஸ் காந்தி தம் பேச்சில் எடுத்தாள முற்பட்டார். அரசின் இரகசியக் கடிதங்களை ஓர் உறுப்பினர் சபையில் பயன்படுத்தலாமா என்ற கேள்வி எழுந்தது. கூடாது என்று சபாநாயகர் ஒரு சொல் சொல்லியிருந்தால், வழக்கின் உயிரே போயிருக்கும். அனந்தசயனம் அய்யங்கார் அப்படிச் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுமதிக்கவும் இல்லை. படி உண்மையானதே என்று உறுப்பினர் தாமே பொறுப்பேற்றுக்கொண்டால் அதனைப் பயன்படுத்தலாம் என்னும் நெறியை வகுத்தார். கேட்பவனுக்கு உரிமை உண்டு. ஆனால் தான் காட்டும் தாளுக்கு அவனே பிணை. கணித ஆசிரியரின் முறையும் இதுதானே! விடையை மட்டுமன்றி, அது வந்த வழிக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

அதன் பின் நிகழ்ந்தவை விரைவாக நிகழ்ந்தன. 1958 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா விசாரணை ஆணையமாக அமர்ந்தார். விசாரணை மக்கள் முன்னிலையில் நடந்தது. அமைச்சரும் செயலாளரும் கழகத்தின் தலைவரும் சாட்சிக் கூண்டில் நின்றனர். பிப்ரவரியில் அறிக்கை வெளிவந்தது. தம் செயலாளர் செய்ததற்கு அரசியலமைப்பு முறைப்படி அமைச்சரே பொறுப்பு என்று அது கூறியது. அம்மாதமே டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவர் தம்பொருட்டுப் பணம் எடுத்தார் என்று எவரும் சொல்லவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடுவது நேர்மை. பின்னாளில் அவர் மீண்டும் அமைச்சராகவும் வந்தார். முந்த்ரா சிறை சென்றார்.

இந்நிகழ்ச்சியில் அனந்தசயனம் அய்யங்கார் குற்றத்தைக் கண்டுபிடிக்கவில்லை, தீர்ப்பும் கூறவில்லை. கேள்வி கேட்கும் இடத்தைக் காத்து நின்றார். கரை இல்லையேல் ஆறு இல்லை. பாராளுமன்றத்தில் அந்தக் கரையாக இருந்தவர் அவர். பெரோஸ் காந்தியின் பெயரையும் சாக்ளாவின் பெயரையும் வரலாறு எடுத்துச் சொல்கிறது. நாற்காலியில் இருந்தவரை மறந்துவிடுகிறது.

பாட்னாவும் திருப்பதியும்

1962 ஏப்ரல் வரை அவர் சபாநாயகராக இருந்தார். அவ்வாண்டு மூன்றாம் முறையாக மக்கள் சபைக்குத் தேர்வு பெற்றார். இம்முறையும் சித்தூரே அவரைத் தேர்ந்தது. ஆனால் மே மாதம் பீகார் ஆளுநராகப் பாட்னா சென்றார். 1966-67இல் பீகாரைக் கொடிய பஞ்சம் வாட்டியது. 1967 தேர்தலில் காங்கிரஸ் அங்கே ஆட்சியை இழந்தது. மகாமாயா பிரசாத் சின்ஹா தலைமையில் காங்கிரஸ் அல்லாத முதல் அமைச்சரவை பதவி ஏற்றபோது ஆளுநராக இருந்தவர் பழைய காங்கிரஸ்காரராகிய அனந்தசயனம் அய்யங்காரே. அவ்வமைச்சரவை முன்னாள் அமைச்சர்கள் மீதான ஊழல் புகார்களை ஆராய ஆணையம் ஒன்றை நிறுவி, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற தமிழராகிய டி. எல். வெங்கடராம அய்யரை அதற்குத் தலைவராக்கியது. அது அமைச்சரவையின் முடிவு, ஆளுநரின் முடிவன்று. ஆயினும் அவர் வாழ்வின் கடைசிப் பதவியிலும், நம்மவரிடம் கணக்குக் கேட்கும் அந்த வினா அவர் வாயிலுக்கு வந்தே சேர்ந்தது.

1967 டிசம்பரில் பதவி முடிந்தது. தில்லியிலோ சென்னையிலோ தங்காமல் திருப்பதிக்கே திரும்பினார். சமஸ்கிருதத்தில் அவருக்கு இளமை முதலே ஈடுபாடு மிகுதி. இறுதிக் காலத்தைப் பெரும்பாலும் அக்கல்விக்கே அளித்தார். 1978 மார்ச் 19ஆம் நாள், 87ஆம் வயதில், பிறந்த மண்ணிலேயே மறைந்தார்.

அவர் தொடங்கிவைத்த வழியில் மேலும் பல அமைப்புகள் எழுந்தன. தஞ்சை மண்ணின் தமிழராகிய க. சந்தானம் தலைமையில் 1962இல் அமைந்த ஊழல் தடுப்புக் குழுவின் பரிந்துரையால், 1964இல் மைய விழிப்புப் பணி ஆணையம் பிறந்தது. அதே ஆண்டு அரசுத் தொழில் நிறுவனங்களை ஆராயத் தனிப் பாராளுமன்றக் குழு ஒன்று தோன்றியது. 1993இல் துறைதோறும் நிலைக்குழுக்கள் அமைந்தன. 2013இல் லோக்பால் சட்டம் நிறைவேறியது. மதிப்பீட்டுக் குழுவும் இன்று 30 உறுப்பினர்களோடு நடைபெறுகிறது. அமைப்புகள் பெருகிவிட்டன. ஆனால் 1957இல் காப்பீட்டுக் கழகத்திலும் முதலீட்டுக் குழு என்று ஓர் அமைப்பு இருந்ததே! அதைக் கலக்காமல்தானே பங்குகளை வாங்கினார்கள்! அமைப்பு இருந்தால் மட்டும் போதாது. எழுந்து கேட்க ஒருவர் வேண்டும். அவர் கேட்கும்போது அமரச் சொல்லாத மற்றொருவரும் வேண்டும்.

நமக்கு

நம் ஆய்வுக்கூடத்தில் எடை போடுமுன், தராசு சுழியில் நிற்கிறதா என்று நாள்தோறும் பார்க்கிறோம். நேற்றுச் சரியாக இருந்ததே என்று யாரும் விட்டுவிடுவதில்லை. பார்ப்பதால் தராசுக்கு அவமதிப்பும் இல்லை. பார்க்காமல் விட்டால்தான் அன்று எடுத்த அளவுகள் எல்லாம் ஐயத்துக்கு இடமாகும். கருவியிடம் நாம் காட்டும் இந்த முறையை மனிதரிடம் காட்ட ஏனோ கூசுகிறோம். கணக்குக் கேட்பது பகை என்று எண்ணுகிறோம். அன்னியனிடம் கேட்டால் வீரம் என்றும், நண்பனிடம் கேட்டால் துரோகம் என்றும் பெயர் வைத்திருக்கிறோம். திருச்சானூரில் பிறந்த அந்தக் கணக்காசிரியர் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். 1934இல் கேட்டபோது எதிரே இருந்தவர்கள் வேறு. 1950இல் கேட்டபோது இருந்தவர்கள் வேறு. கேள்வி மாறவில்லை. நண்பனிடம் கேட்பதற்குத் துணிவோடு வேண்டியது எது என்று முன்னே கேட்டிருந்தேனே, அது நண்பனின் பெயரின்மேல் உள்ள அன்பு என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது.

என் பழைய அறைத்தோழனுக்கு இக்கட்டுரையை அனுப்ப எண்ணியுள்ளேன். அவன் என்ன எழுதுவான் என்று அறியேன், எழுதாமலும் இருக்கலாம்.

இவ்வாண்டு நம் மன்றத்தின் பொங்கல் விழாச் செலவு என் கையில் உள்ளது. வாழைக்கும் கரும்புக்கும் கொடுத்தது முதல் ஒலிபெருக்கி வாடகை வரை ஒவ்வொன்றையும் ரசீதுடன் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவைப்பேன். ரசீது கிடைக்காத செலவுகளைத் தனியே குறிப்பேன். தோழர்கள் நின்று படிக்க வேண்டும். ஐயம் இருந்தால் எல்லார் முன்னிலையிலும் என்னைக் கேட்க வேண்டும். நண்பன் என்று யாரும் என்னைக் கேளாது விட்டுவிட வேண்டாம்.